விடுதலும் நிலைத்தலும்

புகையிலை தமிழர்க்குத் தொன்றுதொட்டு உரியதன்று. அமெரிக்க மண்ணில் தோன்றிய அச்செடி போர்ச்சுகீசியர் வழியே இந்தியக் கரையை அடைந்தது. வந்த விருந்தாளி விரைவிலேயே வீட்டுக்காரனாயிற்று. பழனி முருகன்பால் காதல் கொண்ட தலைவி புகையிலையைத் தூது விடுப்பதாகச் சீனிச்சர்க்கரைப் புலவர் 'புகையிலை விடு தூது' பாடினார். அன்னமும் மேகமும் பெற்றிருந்த தூதுப் பதவியை ஓர் இலை பெற்றுவிட்டது. 'சுருட்டு' என்னும் தமிழ்ச்சொல்லோ கடல் கடந்து ஆங்கில அகராதியிலும் இடம்பிடித்தது. இலக்கியமும் வழக்கும் இவ்வாறு அரவணைத்த ஒரு பழக்கத்தைத் தனிமனிதன் தன் மனவலிமை ஒன்றாலேயே உதறிவிட இயலுமா? பினாங்கின் அண்மைக்கால வரலாறு இவ்வினாவிற்கு ஒரு விடையைத் தருகின்றது.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப்பகுதி செபராங் பிறை. 19-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த கரும்புத் தோட்டங்களில் உழைக்கத் தமிழர் கப்பலேறி வந்தனர். சுருட்டும் பீடியும் அவர்தம் களைப்புக்குத் துணையாயின. பின்னாளில் வெண்சுருட்டு அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. புக்கிட் மெர்தாஜாமுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே இரயில் பாதையில் அமைந்த புக்கிட் தெங்கா போன்ற ஊர்களில், காலைக் காப்பியையும் வெண்சுருட்டையும் பிரித்து எண்ணிப் பாராதோர் பலர்.

இதற்கிடையே அறிவியல் தன் தீர்ப்பை எழுதிக்கொண்டிருந்தது. நுரையீரல் புற்றுநோய்க்கும் புகைத்தலுக்கும் உள்ள தொடர்பை 1950-இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் ஆகிய இருவரும் வெளியிட்டனர். 1951-இல் பிரித்தானிய மருத்துவர்களிடையே அவர்கள் தொடங்கிய ஆய்வின் 50 ஆண்டு முடிவு 2004-இல் வெளிவந்தது. தொடர்ந்து புகைப்போர் ஏறத்தாழ 10 ஆண்டு ஆயுளை இழக்கின்றனர். 60 வயதில் விட்டவர் சுமார் 3 ஆண்டுகளையும், 50-இல் விட்டவர் 6 ஆண்டுகளையும், 40-இல் விட்டவர் 9 ஆண்டுகளையும் மீட்கின்றனர் என்பதே அதன் சாரம். எனவே, காலம் கடந்துவிட்டதென்று கைவிரித்தற்கு எவர்க்கும் இடமில்லை.

ஆயினும், அறிவு மட்டும் பழக்கத்தை வெல்லாது. புகையை உள்ளிழுத்த சில நொடிகளிலேயே நிகோட்டின் மூளையை எட்டுகின்றது. நிறுத்தியவரை எரிச்சலும் உறக்கமின்மையும் வாட்டுகின்றன. முதல் சில நாள்களில் அவ்வாட்டம் உச்சத்தை அடைந்து, மூன்று நான்கு வாரங்களில் தணிகின்றது. உடல் அடங்கிய பின்னரும் உள்ளம் அடங்குவதில்லை. காப்பியின் மணம், நண்பர் நீட்டும் பெட்டி, சுவரில் சிரிக்கும் விளம்பரம் ஆகியவை 'ஒன்றே ஒன்று' என அழைக்கின்றன. அந்த ஒன்றுதான் மீண்டும் இருபதாகின்றது. விடுதல் ஒரு நாளின் செயல். நிலைத்தல் ஒவ்வொரு நாளின் செயல்.

இவ்வுண்மையைப் பொதுமேடைக்குக் கொணர்ந்த அமைப்புகளுள் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் முதன்மையானது. தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ், அரை நூற்றாண்டுக் காலம் அதனை வழிநடத்தி 2019-இல் மறைந்தார். மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் ஏடு வெளியிட்ட அச்சங்கம், புகைப்பவரைப் பழிப்பதோடு அமையாமல், புகைக்கத் தூண்டும் விளம்பரத்தை நோக்கி வினா எழுப்பியது. வானொலி, தொலைக்காட்சிகளில் வெண்சுருட்டின் நேரடி விளம்பரம் 1982-இல் தடைசெய்யப்பட்டது. நிறுவனங்கள் சளைத்தனவா? சுற்றுலாவுக்கும் ஆடைக்கும் அதே வணிகப்பெயரைச் சூட்டி, மூடிய வாயிலைப் பின்கதவால் திறந்தன. அப்பின்கதவையும் அடைக்க மேலும் இருபதாண்டுகள் தேவைப்பட்டன.

2005-இல் மலேசியா புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக ஒப்பந்தத்தை ஏற்றது. 2009-இல் பெட்டிகளின்மேல் நோயுற்ற உடலின் படங்கள் வந்தன. 2019 சனவரி முதல் நாளன்று, ஒட்டுக்கடைகள் உட்பட எல்லா உணவகங்களிலும் புகைத்தல் தடைசெய்யப்பட்டது. புகைப்பவர்க்கு இது ஒரு கட்டுப்பாடு. விட்டவர்க்கோ இது ஒரு வேலி. காப்பிக் கடை மேசையில் அவரை அழைத்த புகை இப்போது அங்கில்லை.

எனினும் வெற்றி முழுமையடைந்துவிடவில்லை. 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 15 வயதைக் கடந்த ஆண்களுள் நூற்றுக்கு நாற்பதின்மர் புகைப்பவர். 2007 முதல் பிறந்தோர்க்குப் புகைப்பொருள் விற்பதையே என்றும் தடுக்க முன்மொழியப்பட்ட விதி 2023-இல் கைவிடப்பட்டது. அவ்விதியின்றியே புதிய சட்டம் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, அத்தலைமுறையைக் காக்கும் பொறுப்பில் பெரும்பங்கு இல்லத்தையும் பள்ளியையும் சார்கின்றது.

'புக்கிட் தெங்கா' என்னும் மலாய்ப் பெயர்க்கு 'நடுக்குன்று' என்பது பொருள். புகையை விட்டவரும் ஒரு நடுக்குன்றில் நிற்பவரே. மேலேறத் தம் கால்களே வேண்டும். சறுக்காதிருக்கப் பற்றுக்கோடும் வேண்டும். கால் அவருடையது, பற்றுக்கோடு சமுதாயத்தினுடையது. இரண்டும் கூடுமிடத்தில்தான் விடுதல் நிலைத்தலாகின்றது.