அதிர்வு அண்டாத ஊசி

இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி படிப்பது கண்ணுக்கே தெரியாத அசைவுகளை. அதனால் மோட்டாரின் உறுமலும் தரையில் நடப்பவரின் காலடியும் ஸ்பீக்கரில் கேட்டுவிடும். 1961இல் அமெரிக்காவின் அக்கௌஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்துக்காக எட்கர் வில்ச்சர் வடிவமைத்த டர்ன்டேபிள் இதற்கு எளிய, அழகான தீர்வு கண்டது. சுழல்தட்டும் ஊசி தாங்கும் கையும் ஒரே உலோகச் சட்டத்தில் அமர, அச்சட்டம் மூன்று சுருள்வில்களில் தொங்கியது. மோட்டார் விலகி நின்று ரப்பர் பட்டையால் தட்டைச் சுழற்றியது. அதிர்ந்தாலும் தட்டும் கையும் சேர்ந்தே அசையும். பாட்டு ஓடும்போது மேற்பலகையைச் சுத்தியலால் தட்டினாலும் ஊசி தாவாது. தோரன்ஸ் டிடி 150, லின் எல்பி12 ஆகிய டர்ன்டேபிள்கள் இவ்வழி வந்தவை.

ஸ்பீக்கர் பெட்டியின் அதிர்வையும் அடக்க வேண்டும்; அதற்கு பிபிசி பொறியாளர்கள் தடித்த பலகையை நாடவில்லை. மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகையின் உட்புறம் அதிர்வை விழுங்கும் தார்த் தகடுகளை ஒட்டினர். 1970களின் எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் அப்படி உருவானது.