பத்தாயத்தின் சாவி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில், நண்பர்கள் நால்வர் பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக்குச் சென்றிருந்தோம். பாலைவனநாதர் கோயிலைப் பார்ப்பதே நோக்கம். ஆனால் எங்களை நெடுநேரம் நிறுத்தி வைத்தது கோயிலை ஒட்டி நிற்கும் பழைய நெற்களஞ்சியந்தான். தஞ்சை நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பப்பட்டது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட வட்டச் சுவர். மேலே செல்லச் செல்லக் கூம்பாகக் குவியும் கூரை. உள்ளே இப்போது நெல் இல்லை. ஆயினும் அதன் முன் நிற்கையில், ஓர் ஊரின் அச்சத்துக்கு யாரோ கட்டிடம் எழுப்பி வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

அன்று மதியம் நண்பரின் உறவினர் வீட்டில் சாப்பாடு. அவ்வீட்டு ரேழியிலும் ஒரு களஞ்சியம் இருந்தது: பலா மரத்தில் செய்த பத்தாயம். உள்ளே பழைய செய்தித்தாள்களும் ஏதோ ஒரு கிரைண்டரின் அட்டைப்பெட்டியும் கிடந்தன. நாங்கள் அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ட பெரியம்மா சிரித்தபடி சொன்னார்: “அதுல நெல்லு இருந்த வரைக்கும் சாவி எங்க மாமியார் இடுப்பை விட்டு எறங்கினதில்லே.”

பேச்சு வாக்கில் வந்த அந்த ஒரு வாக்கியமே இக்கட்டுரைக்குக் காரணம். ஆபத்துக் காலத்துக்கென்று சேர்த்து வைப்பதன் வரலாற்றை நாம் பெரும்பாலும் கொள்கலன்களின் வரலாறாகவே எழுதி வந்திருக்கிறோம். அது சாவிகளின் வரலாறும் ஆகும்.

கொள்கலன்களைப் பொறுத்தவரை நம்மவர் அறிவு குறைவானதன்று. களிமண்ணில் வளையம் வளையமாகச் செய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பூசிய குதிர். வைக்கோல் புரியால் சுற்றிக் கட்டிய விதைக்கோட்டை. புன்செய்ப் பகுதிகளில் மேட்டு நிலத்தில் தோண்டி, வைக்கோல் பரப்பிக் கேழ்வரகைக் கொட்டி, காற்றுப் புகாமல் மூடிய தானியக் குழி. குழியில் இட்ட கேழ்வரகு ஆண்டுக்கணக்கில் கெடாது. காரணம் எளிது: மூடிய குழிக்குள் காற்று தீர்ந்துவிட, புழுவும் வண்டும் மூச்சுவிட வழியின்றி மடிந்துபோகும். நெல்லோடு நொச்சி இலையும் வேப்பிலையும் கலந்தார்கள். துவரைக்குச் செம்மண் பூசிக் காயவைத்தார்கள். கோடை முழுவதும் மாடியிலும் முற்றத்திலும் உலர்ந்த வற்றலும் வடகமும், பானையில் அடைத்த உப்பிட்ட புளியும் நாவின் சுவைக்காக மட்டும் ஏற்பட்டவையல்ல. மழைக்காலத்தில் காய்கறி வராது, விறகு எரியாது, ஆற்றைக் கடக்க முடியாது என்பதை முன்பே அறிந்த வீட்டின் ஆயத்தம் அது. யாழ்ப்பாணத்து ஒடியலும் அத்தகையதே. பனங்கிழங்கைப் பிளந்து வெயிலில் காயவைத்தால், அரிசி இல்லாத நாளில் அதுவே மாவாகும், பிட்டாகும், கூழாகும்.

இவற்றையெல்லாம் கட்டிக்காத்தவர்கள் பெண்கள். எது பழையது, எதை முதலில் எடுக்க வேண்டும், மறு அறுவடைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்ற கணக்கு ஏட்டில் ஏறாமலேயே நடந்தது. இதையே அரசின் விதியாகச் சொல்கிறது அர்த்தசாஸ்திரம். களஞ்சியத்தில் சேர்வதில் பாதியை நாட்டு மக்களின் ஆபத்துக்கென ஒதுக்க வேண்டும், மறுபாதியை மட்டுமே பயன்படுத்த வேண்டும், பழையதை எடுத்துப் புதியதை இட வேண்டும் என்பது அந்நூலின் ஏற்பாடு.

ஆனால் குதிர் நிறைய வேண்டுமானால் நிலம் வேண்டும். அல்லது ஆண்டு முழுவதும் உண்டது போக மிஞ்சும் கூலி வேண்டும். இரண்டும் இல்லாதவன் என்ன செய்தான்? திருப்பாம்புரத்துக் கல்வெட்டு ஒன்று விடை சொல்கிறது. மூன்றாம் குலோத்துங்கன் காலம், 1201ஆம் ஆண்டு. காலம் பொல்லாததாகி, ஒரு காசுக்கு மூன்று நாழி நெல் விற்கிறது. ஒரு வேளாளர் தம்மையும் தம் இரு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொள்கிறார். அந்த 110 காசைக் கூடச் செலவிட்டால், அன்றைய விலைக்கு முந்நூற்று முப்பது நாழி நெல் கிடைத்திருக்கும். கோயிலில் சேர்ந்தால் சோறு உண்டு என்பதே அவ்விற்பனையின் உண்மையான விலை. சோழ நாட்டின் நடுவில், களஞ்சியங்களுக்குப் பஞ்சமில்லாத மண்ணில் நிகழ்ந்தது இது. நெல் இருந்தது. அதை அடைய அவர் செலுத்த வேண்டியிருந்தது தம் குடும்பத்தையே.

கல்வெட்டு சொன்னதை நாட்டார் கதை இன்னும் கூர்மையாகச் சொல்லும். நல்லதங்காளை அறியாத தமிழர் இரார். பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சத்தில் ஏழு குழந்தைகளை அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். பிறகு அவள் எடுத்துக் கொடுப்பது மட்கிய கேழ்வரகு. அதை அரைக்க உடைந்த திருகை. இதில் நாம் அதிகம் கவனிக்காத செய்தி ஒன்றுண்டு. மட்கிய கேழ்வரகு என்றால், அந்த வீட்டில் தானியம் உண்டு போக மிஞ்சி, நாட்பட்டுக் கெடும் அளவுக்கு இருந்தது என்று பொருள். பஞ்சம் பற்றிய நம் மிகப் பெரிய கதை, தானியம் இல்லாத வீட்டில் நடக்கவில்லை. தானியம் இருந்த வீட்டின் வாசலில் நடக்கிறது. ஏழு குழந்தைகளோடு நல்லதங்காள் கிணற்றில் விழுந்ததற்கு மழை பொய்த்தது பாதிக் காரணம், மறுபாதி, கதவு.

ஒரு குடும்பத்தின் வாசலில் நடந்த இக்கதை ஒரு மாகாணத்தின் அளவுக்கு விரிந்ததைத் தாது வருஷப் பஞ்சத்தில் காண்கிறோம். 1876இல் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் நிலைமை சீராகவில்லை. சென்னை மாகாணத்தில் மட்டும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். அப்போது இந்தியாவில் தானியமே இல்லை என்று சொல்வதற்கில்லை. கோதுமை கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. பஞ்சத்தில் உணவைக் கொண்டுசேர்க்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட இருப்புப்பாதை, விலை கொடுக்க முடிந்த இடத்துக்கே தானியத்தை இழுத்துச் சென்றது. தந்தி ஓர் ஊரின் விலையேற்றத்தை அன்றே மறு ஊருக்கும் கொண்டுபோனது.

இங்கே சாவி யார் கையில் இருந்தது என்பதை நாம் ஐயமின்றிச் சொல்ல முடியும். மாகாண ஆளுநர் பக்கிங்காம் பிரபு, தொடக்கத்தில் 30,000 டன் தானியத்தை அரசுச் செலவில் வாங்கி இருப்பு வைத்தார். வைஸ்ராய் லிட்டனின் அரசு அதை ஏற்கவில்லை. வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பது அதன் சித்தாந்தம். நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த 1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள் அனுப்பப்பட்டார். இதே டெம்பிள் 1874இல் பீகாரில் பர்மா அரிசியை வரவழைத்துப் பஞ்சச் சாவைப் பெரிதும் தடுத்தவர்; அதற்காகவே வீண்செலவுக்காரர் என்று ஏச்சும் வாங்கியவர். சென்னைக்கு வந்தபோது அந்தப் பழியைக் கழுவ விரும்பினார் போலும். கடும் உடலுழைப்பு செய்யும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று விதித்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது உயிர்வாழப் போதாது என்று வாதாடினார். அவர் வாதத்துக்குச் செவிசாய்த்துக் கூலி ஓரளவு உயர்த்தப்படுவதற்குள் மாதங்கள் கழிந்தன. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச நாட்களில் வெட்டப்பட்டதே. அந்தக் கால்வாய்க்குப் பக்கிங்காமின் பெயர் நிலைத்தது. மண் சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

பிற்பாடு அமைந்த பஞ்சக் குழு 1880இல் தந்த அறிக்கை, முதலில் மாள்பவர் வேலையிழந்த கூலிக்காரர்களே என்பதை ஒப்புக்கொண்டது. ஊரில் உணவு இருப்பதும், அதை வாங்கவோ கேட்கவோ ஒருவருக்கு வழி இருப்பதும் வேறுவேறு. இதனைப் பொருளியல் மொழியில் 1981இல் அமர்த்தியா சென் விரித்துரைத்தார். நல்லதங்காள் கதையைச் சொன்ன பாட்டிமார்கள் அதை வேறு மொழியில் முன்பே அறிந்திருந்தனர்.

கதவைத் திறந்து வைத்தவர்களும் இருந்தார்கள். வள்ளலார் 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. தாது வருஷம் வந்தபோது வள்ளலார் இல்லை, அடுப்பு இருந்தது. மாயூரத்தில் முன்சீப் வேதநாயகம் பிள்ளை தம் பொருளைக் கொண்டு பசித்தோருக்குக் கஞ்சி வார்த்தார். அவரைப் போற்றிக் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனை பாடினார். ஆனால் இவர்கள் ஈரமுள்ள தனி மனிதர்கள். முப்பது லட்சம் பேரின் பசிக்கு ஈரம் மட்டும் ஈடாகாது.

இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சாவி கைமாறிய விதத்தை ஒரு சொல்லைப் பின்தொடர்ந்தால் காணலாம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. 1943இல் வங்கம் பட்டினியில் விழுந்தது. சென்னை மாகாணத்தில் ரேஷன் வந்தது. அதோடு ‘பதுக்கல்’ என்ற சொல் அன்றாட வழக்கில் வேரூன்றியது. தலைமுறைகளாகப் பாட்டி செய்தது சேமிப்பு. அளவுக்கு மேல் அதையே செய்தால் குற்றம். வீட்டின் உரிமைக்கும் ஊரின் உரிமைக்கும் நடுவே அரசு முதன்முறையாக ஒரு கோடு கிழித்தது. 1952இல் ராஜாஜி கட்டுப்பாட்டை நீக்கினார். ஆனால் கேள்வி நீங்கவில்லை. 1967 தேர்தலில் அரிசிப் பஞ்சம் பெரும்பேச்சானது. ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதி மேடைகளில் முழங்கியது. ஆட்சிக்கு வந்தபின் கைகூடியது சில நகரங்களில் ஒரு படியே. எனினும் அரிசி தருவது அரசின் கடன் என்ற எண்ணம் இம்மண்ணில் நிலைத்துவிட்டது. 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதைக் கேலி செய்வோர் திருப்பாம்புரத்துக் கல்வெட்டை ஒருமுறை படிக்கலாம்.

2015 டிசம்பரில் சென்னை நீரில் மூழ்கியபோது, மெழுகுவர்த்தியும் பால் பாக்கெட்டும் பல மடங்கு விலைக்கு விற்றதை நாம் பார்த்தோம். மொட்டை மாடியில் ஒரே அடுப்பை வைத்து, முன்பின் பேசியிராத அண்டை வீட்டாருக்கும் சேர்த்துச் சமைத்ததையும் பார்த்தோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்ட இரவில், கடைகளின் முன் மூட்டை மூட்டையாக வாங்க நின்றோம்; வாங்கப் பணமில்லாதவர்கள் நெடுஞ்சாலைகளில் ஊர் நோக்கி நடந்தார்கள். ஆபத்துக்கு அஞ்சிச் சேர்ப்பது தவறன்று. நாலு நாளைக்குக் குடிநீர், அரிசி, பருப்பு, மருந்து, தீப்பெட்டி, ஒரு டார்ச் விளக்கு: வெள்ளமும் புயலும் வழக்கமாகிவிட்ட கரையில் வாழ்பவர்கள் இவற்றை வைத்திருப்பது அறிவுடைமை. மழைக்கு முன்பே, விலை ஏறாத நாளில், சிறிது சிறிதாக வாங்குவதற்கும் புயல் அறிவிப்புக்குப் பின் அலமாரியைக் காலி செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் மறக்கலாகாது. முன்னது நம் பாட்டிமாரின் வழி. பின்னது வரிசையில் நமக்குப் பின்னால் நிற்பவரின் பங்கை எடுப்பது.

திருப்பாலைத்துறையிலிருந்து புறப்படும்போது, பத்தாயத்தின் சாவி இப்போது எங்கே என்று கேட்டோம். பெரியம்மா சற்று யோசித்தார். எங்கோ இருக்கிறது, தேடவில்லை என்றார். பிறகு, பூட்டியிருந்த நாளிலும் அறுவடைக்கு முந்தைய மாதங்களில் மாமியார் யார் யாருக்கு எத்தனை மரக்கால் அளந்து கொடுப்பார் என்று பெயர் பெயராகச் சொல்லத் தொடங்கினார். திரும்பி வந்ததா என்று எங்களில் ஒருவர் கேட்டார்.

“சிலது வந்தது, சிலது வரலே. அதுக்குத்தானே நெல்லு” என்றார்.