பறவை விரட்டும் மோட்டார் பொம்மை: வேகத்தை எப்படி வைப்பது?

மக்காச்சோளம், சோளம், கம்பு, சூரியகாந்தி ஆகியவற்றில் மணி பால் பிடித்துவிட்டால் கிளி, மைனா, மயில் எல்லாம் விடியும்போதே வயலில் இருக்கும். விரட்ட ஆள் கிடைக்காததால் பலரும் மோட்டாரில் சுழலும் பொம்மையை வைக்கிறார்கள். "முதல் நாலு நாள் நன்றாக ஓடியது, இப்போது அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்கிறது" என்று பிறகு சொல்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு மோட்டாரில் இல்லை, அதை ஓட்டும் விதத்தில் இருக்கிறது.

இங்கிலாந்தில் கடுகு இனப் பயிர்களைக் காட்டுப் புறாக்கள் கூட்டமாக மேய்ந்துவிடும். அங்கே அவற்றைச் சுடுபவர்கள் 12 வோல்ட் மோட்டாரில் இரண்டு நீண்ட கம்பிகளைப் பூட்டி, நுனியில் புறா பொம்மைகளைக் கட்டிச் சுற்றவிடுகிறார்கள். இது விரட்ட அல்ல, வரவழைக்க. மெதுவாகச் சுற்றினால் தன் இனம் இரை இருக்கும் இடத்தில் இறங்குவதுபோல் தெரிந்து, மேலே போகும் புறா கீழே வரும். வேகம் கூடினால் மிரண்டு விலகிவிடும்.

நம் வயலில் பறவை உருவத்தைக் கட்டி மெதுவாகச் சுற்றவிட்டால், நாமே கூப்பிட்டு விருந்து வைத்ததுபோல் ஆகிவிடலாம். நமக்கு வேண்டியது விரட்டுவது மட்டும்தான். மயில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. சுடுவதும் விஷம் வைப்பதும் சிறைக்குப் போகும் குற்றம்.

எனவே பறவை உருவம் வேண்டாம். பழைய குறுந்தகடு, மினுக்கு ரிப்பன், பளபளக்கும் தகரத் துண்டு போதும். மோட்டாருக்கு, பழைய கார் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் வைப்பர் மோட்டார் நல்லது. கியர் இருப்பதால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 முதல் 70 சுற்று வரை நிதானமாக ஓடும். மேசை மின்விசிறி மோட்டாரில் நேரடியாகக் கட்டாதீர்கள். அந்த வேகத்தில் மினுக்கு தனித்தனியாகத் தெரியாமல் ஒரே வளையமாகத் தெரியும். ரிப்பனும் கிழிந்துபோகும்.

வேகத்தை அளக்கக் கருவி தேவையில்லை. ஒரு கையில் சிவப்புத் துணி கட்டி, 15 விநாடியில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி 4 ஆல் பெருக்குங்கள். 60க்குப் பக்கத்தில் தொடங்கலாம். காற்று பலமாக இருந்தால் குறையுங்கள், இல்லையென்றால் கம்பி வளையும். வேகத்தைக் குறைக்க மோட்டார் ஸ்பீடு கன்ட்ரோலரையே பயன்படுத்துங்கள். குறைந்த வோல்ட் பேட்டரி போட்டால் இழுவை குறைந்து காற்றில் மோட்டார் நின்றுவிடும், நின்ற மோட்டாரில் மின்சாரம் பாய்ந்தால் சுருள் எரியும். பேட்டரிக்குப் பக்கத்தில் 10 ஆம்பியர் பியூஸ் அவசியம். ஈர வயலுக்குள் 230 வோல்ட் வயரை இழுக்கவே வேண்டாம்.

வேகத்தைவிடவும் முக்கியம், விட்டு விட்டு ஓட்டுவது. நாள் முழுக்க ஒரே சீராகச் சுற்றும் பொருளைப் பறவை சில நாளில் மரக்கிளைபோல் நினைத்துக்கொள்ளும். ஒரு டைமர் ரிலே போட்டு 30 விநாடி ஓட்டம், நாலரை நிமிடம் நிறுத்தம் என்று வையுங்கள். திடீரென்று கிளம்புவதுதான் பறவையை மிரட்டுகிறது. பேட்டரிக்கும் இது லாபம். 3 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் இப்படி 12 மணி நேரம் ஓடினால் 3.6 ஆம்பியர் மணிதான் செலவாகும். 7 ஆம்பியர் மணி பேட்டரியே ஒரு நாளைக்குத் தாங்கும். தொடர்ந்து ஓட்டினால் இரண்டு மணி நேரம் தாண்டுவதே கஷ்டம். நிறுத்த நேரத்தை இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். பறவை அதிகம் வரும் காலை 6 முதல் 9 வரையும், மாலை 4 முதல் இருட்டும் வரையும் மட்டும் ஓட்டினாலும் போதும்.

பொம்மை கதிருக்கு மேல் இரண்டடி உயரத்தில் நிற்கட்டும். மயில் நடந்து வருவதால் அதற்கு வரப்போரம் இடுப்பளவு உயரத்தில் இன்னொன்று வேண்டும். மூன்று நாளுக்கு ஒரு முறை இடத்தை மாற்றுங்கள். பூக்கும்போதே கொண்டுபோய் வைக்காதீர்கள், மணி பால் பிடிக்கும்போது வைத்தால் போதும். அறுவடை முடிந்த அன்றே கழற்றி வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். வெறும் வயலில் சும்மா நிற்கும் பொம்மையைப் பார்த்துப் பழகிய கிளி, அடுத்த போகத்தில் அதைக் கண்டு பயப்படாது.