ஈரி ஏரியின் வீழ்ச்சியும் மீட்சியும்

மனிதன் நீரை நாடியே குடியேறினான். ஆற்றங்கரையும் ஏரிக்கரையும் அவனது நாகரிகத்துக்குத் தொட்டிலாயின. ஆயின், தன்னைத் தாலாட்டிய அந்நீர்நிலைகளுக்கு அவன் பின்னர் இழைத்தது யாது என்பதைச் சரித்திர நூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. மன்னர்களின் போர்களைப் படிக்கும் நாம் ஓர் ஏரியின் சரித்திரத்தையும் படித்தல் நன்று. வட அமெரிக்காவிலுள்ள ஈரி ஏரியை இங்கு எடுத்துக்கொள்வோம்.

ஐக்கிய அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் உரிய ஐம்பெரும் ஏரிகளுள் ஈரி பரப்பில் நான்காவது. அதன் பரப்பு ஏறக்குறைய 9,900 சதுர மைல். ஆழத்திலோ அதுவே ஐந்தினுள்ளும் குறைந்தது. சராசரி ஆழம் 62 அடி, மேற்குப் பகுதியில் 24 அடியே. ஆழங் குறைந்த நீர் விரைவில் வெப்பமடையும். அதில் உயிர்கள் செழித்துப் பெருகும். ஈரி மீன்வளம் மிக்கதாய் விளங்கியதற்கு இதுவே காரணம். மாசு சேர்ந்தபோது அது விரைவிற் கெட்டமைக்கும் இதுவே காரணமாயிற்று.

ஈரி என்னும் பழங்குடியினரின் பெயரே ஏரிக்கு வழங்கலாயிற்று. 17 ஆம் நூற்றாண்டின் நடுவில் நிகழ்ந்த போர்களில் அக்குடி சிதறிப்போயிற்று. 1825 இல் ஈரிக் கால்வாய் திறக்கப்பட்டபின் புதிய குடியேற்றக்காரர் கூட்டங் கூட்டமாக வந்தனர். ஏரியின் தென்மேற்கே, மோமி ஆற்றுப் பள்ளத்தாக்கில், 'பெருங் கருஞ் சதுப்பு' எனப்பட்ட பரந்த காட்டுச் சதுப்புநிலம் இருந்தது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வாய்க்கால் வெட்டியும் களிமண் குழாய் புதைத்தும் அதன் நீரை வடித்து விளைநிலமாக்கினர். சேற்றைத் தடுத்து நீரைத் தெளியவைத்து அனுப்பிய அச்சதுப்பு ஏரிக்கு ஒரு வடிகட்டியாய் இருந்தது என எண்ணியவர் அன்று அரியர். அதன் விலையைப் பிற்சந்ததியார் கொடுக்க நேர்ந்தது.

கிளீவ்லாந்து, பவலோ, ரொலீடோ முதலிய நகரங்கள் கைத்தொழிலாற் பெருகின. அவற்றின் மலமும் எண்ணெயும் ஆலைக்கழிவும் ஏரியிற் கலந்தன. இரண்டாம் உலகப் போரின்பின் பொசுபேற்று அடங்கிய சலவைத் தூள் வீடுதோறும் புகுந்தது. பொசுபரசு பயிருக்கு உரமாவது போலவே நீரிலுள்ள அல்காவுக்கும் உரமாகும். அல்கா மிகுந்து, மடிந்து, அடியிற் படியும்; அதனை அழுகச் செய்யும் பற்றீரியாக்கள் நீரிலுள்ள ஒட்சிசனை உண்டுவிடும்; அடியில் வாழும் உயிர்கள் மூச்சின்றி மாளும். ஏரிச் சேற்றில் இளம் பருவத்தைக் கழித்து, கோடையில் ஈசல்போலப் பறந்தெழும் பூச்சியினம் ஒன்று அங்கு மீன்களுக்குச் சிறந்த உணவாயிருந்தது. 1953 இல், ஏரியின் மேற்குப் பகுதியில், அது திடீரென மடிந்தொழிந்தது. வரவிருந்த கேட்டுக்கு அது முன்னறிவிப்பாயிற்று.

1960 களில் பத்திரிகைகள் ஈரியை 'செத்த ஏரி' என்றே எழுதின. உண்மையில் அது செத்தது அன்று. அளவுக்கு மிஞ்சிய அல்காவால் திணறியது. 1969 யூன் 22 இல், கிளீவ்லாந்தினூடாக ஏரியை அடையும் கயகோகா ஆற்றில் மிதந்த எண்ணெய் தீப்பற்றியது. அவ்வாறு முன்னரும் பலமுறை எரிந்ததுண்டு. 1952 இல் மூண்ட தீ இதனினும் பெரிது. எனினும் ஆறு எரிகின்றது என்ற செய்தி இம்முறையே நாட்டை உலுக்கியது.

கனடா 1970 இல் சலவைத் தூளிற் பொசுபேற்றைக் கட்டுப்படுத்தியது. 1972 இல் இரு நாடுகளும் பெரும் ஏரிகளின் நீர்த்தரம் பற்றிய உடன்படிக்கை செய்தன. கேட்டுக்குக் காரணம் பொசுபரசு அன்று, காபனே எனத் தொழிற்றுறையினர் சார்பில் வாதிட்டோர் இருந்தனர். 1973 இல் விஞ்ஞானி டேவிட் சிண்டிலர் குழுவினர் ஒந்தாரியோவிற் சிறு ஏரியொன்றைத் திரையால் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியிற் காபனும் நைதரசனும் இட்டனர்; மறு பாதியில் அவற்றோடு பொசுபரசும் சேர்த்தனர். பொசுபரசு இட்ட பாதி பச்சைப்பசேலென மாறிற்று. மற்றது தெளிந்தே கிடந்தது. வாதம் அத்துடன் ஓய்ந்தது என்றே சொல்லலாம்.

1978 இல், ஆண்டொன்றுக்கு ஏரியிற் சேரும் பொசுபரசை 11,000 தொன்னுக்கு மேற்படாமற் குறைப்பதென இலக்கு வகுத்தனர். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் சீராயின. 1980 களில் அவ்விலக்கு எட்டப்பட்டது. 1990 களில் மறைந்துபோன பூச்சிக் கூட்டம் மீண்டும் பறந்தது.

ஆயினும் கதை அங்கு முடியவில்லை. கப்பல்களின் அடிநிறை நீரோடு வந்த அயல்நாட்டுச் சிப்பியினம் 1988 இல் அயலிலுள்ள சென் கிளேயர் ஏரியிற் கண்டறியப்பட்டது. ஈரியிலும் அது பெருகிற்று. நல்ல அல்காவை உண்டு, நச்சுடைய நீலப்பச்சை அல்காவை உமிழ்ந்துவிடுவது அதன் இயல்பு. முன்னாட் சதுப்பாயிருந்த வயல்களின் உரமும் மோமி ஆற்றின் வழியே வந்து சேர்ந்தது. 2014 ஓகஸ்ட் 2 இல் ரொலீடோ நகரத்துக் குழாய்நீரில் ஈரலைத் தாக்கும் அல்கா நச்சுக் காணப்பட்டது. நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் ஏறக்குறைய மூன்று நாள் அந்நீரை அருந்த முடியாது தவித்தனர். கொதிக்கவைத்தாலும் பயனில்லை, நீர் வற்ற நச்சுச் செறியுமேயன்றி அழியாது. பரந்த ஏரியின் கரையிலே மக்கள் போத்தல் நீருக்கு வரிசையில் நின்றனர். 2016 இல் இரு நாடுகளும் பொசுபரசை 40 சதவீதங் குறைப்பதென மீண்டும் உடன்பட்டன.

இச்சரித்திரம் நமக்கு உணர்த்துவது யாது? குழாய்வழி வரும் கழிவைச் சட்டத்தால் அடக்கலாம். அதன் வாயில் எதுவென்று காட்டமுடியும். ஆயிரம் வயல்களிலிருந்து மழையோடு கசியும் உரத்துக்கு வாயில் இல்லை. அங்கு ஒவ்வொரு கமக்காரனின் மனமுமே காவலாதல் வேண்டும். ஈரியின் நீர் மூன்றாண்டுக்குள் முழுதும் புதிதாகிவிடும். தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் ஆற்றல் ஏரிக்கு உண்டு. அதற்கு இடங்கொடுப்பதே மனிதன் கடன். ஏரியைக் காக்கும் பணி ஒரு தலைமுறையோடு முடிவதன்று. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாய் ஏற்கவேண்டிய பொறுப்பு அது. இளைஞர்களாகிய நாம் இதனை நெஞ்சிற் பதிப்போமாக.