மடியும் வழியும்: தனியுரிமை குறித்த அன்றாடப் பேச்சும் இந்தியச் சட்டமும்

கைப்பேசி, ஆதார், கண்காணிப்பு என்று எந்தச் செய்தி வந்தாலும் நம் ஊர்ப் பேச்சில் முதலில் வந்து விழுவது ஒரு பழமொழிதான்: மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை. டீக்கடையில் நாளிதழ் புரட்டுபவர் சொல்கிறார், வங்கி வரிசையில் நிற்பவர் சொல்கிறார், சட்டம் படித்தவர்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன். "மறைக்க நம்மகிட்ட என்ன இருக்கு? பாத்துட்டுப் போறான்." தனியுரிமை பற்றி எழுதும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் இந்தப் பேச்சை அறியாமை என்று ஒதுக்கிவிட்டு, மக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்ற ஒரு வரியோடு நகர்ந்துவிடுகிறார்கள். அது பிழை என்பது இக்கட்டுரையின் வாதம். அந்தப் பேச்சுக்குள் அனுபவத்தில் விளைந்த ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் விடுபட்ட அதே இடத்தில்தான் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சறுக்குகிறது. பேச்சு, சட்டம் இரண்டுமே வழிப்போக்கரின் மடியைப் பார்க்கின்றன. வழியில் நிற்பவரைப் பார்க்கவில்லை.

பழமொழியை நின்று கேட்போம். மடியில் காசை முடிந்துகொண்டு கள்வர் நடமாடும் வழியில் போகிற ஒருவரை அது கண்முன் நிறுத்துகிறது. காசு வைத்திருப்பது குற்றமாகாது. பயப்படுகிறவர் பறிகொடுக்கப் போகிறவர். வழி ஆபத்தானது என்பதைப் பழமொழி மறுக்கவே இல்லை. இன்றைய வழக்கில் 'கனம்' என்பது குற்றம் என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. பயப்படுகிறவர் ஏதோ செய்திருப்பார் என்று ஆகிவிட்டது. பறிகொடுப்பவர் சந்தேகத்துக்குரியவராக மாறிய இந்த நகர்வைத்தான் நாம் ஆராய வேண்டும் என்று நினைக்கிறேன்.

மடியில் கனமில்லாதவருக்கு வழியில் என்ன நேர்ந்தது என்பதற்கு நம் சட்ட வரலாற்றிலேயே ஒரு வழக்கு உண்டு. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் மீது 1941இல் கொள்ளை வழக்கு வந்தது; சாட்சியம் இல்லையென்று விடுவிக்கப்பட்டார். ஆனாலும் காவல்துறை அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு திறந்தது. இரவில் வந்து கதவைத் தட்டுவது, தூங்குபவரை எழுப்புவது, ஊரைவிட்டுப் போனால் எங்கே என்று கேட்பது என்று அது தொடர்ந்தது. 1962இல் உச்ச நீதிமன்றம் அந்த இரவு வருகைகளை மட்டும் செல்லாதென்று சொல்லி, அந்தரங்கத்துக்கான உரிமை என்று அரசமைப்பில் எதுவும் இல்லை என்று கூறி மற்றவற்றை விட்டுவிட்டது. நீதிபதி சுப்பா ராவ், நீதிபதி ஷாவுடன் சேர்ந்து மாறுபட்டார்; தனிமனிதச் சுதந்திரத்தின் உள்ளேயே இந்த உரிமை அடங்கியிருக்கிறது என்றார். அந்தச் சிறுபான்மைக் கருத்து வெல்ல 55 ஆண்டுகள் ஆயின. ஆதார் வழக்கில் ஒன்றிய அரசின் தலைமை வழக்கறிஞர் 2015இல்கூட அப்படி ஓர் அடிப்படை உரிமை இல்லை என்றுதான் வாதாடினார். 2017 ஆகஸ்ட் 24 அன்று, நீதிபதி புட்டசாமி தொடுத்த அதே வழக்கில், ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக உரிமை உண்டு என்றார்கள்.

அத்தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது உரிமையை அறிவித்தது மட்டுமன்று. குடிமக்களின் தனிவாழ்வில் அரசு நுழைய வேண்டுமென்றால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. இவற்றைக் காட்ட வேண்டிய பொறுப்பு நுழைகிறவருடையது. மடியைத் திறந்து காட்டச் சொல்லாமல், ஏன் நிறுத்தினாய் என்று வழியில் நிற்பவரிடம் கேட்ட தீர்ப்பு அது.

இந்தியருக்கு, அதிலும் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு, தனியுரிமை என்ற உணர்வே கிடையாது, அது மேலைச் சரக்கு என்று சொல்பவர்கள் உண்டு. இக்கூற்றுக்கு மொழியும் கொஞ்சம் இடம் தருகிறது. 'அந்தரங்கம்' என்றால் படுக்கையறை நினைவுக்கு வருகிறது. 'ரகசியம்' என்றால் சதி. 'தனியுரிமை' என்றால் ஒருவருக்கு மட்டுமேயான ஏகபோகம் என்றும் பொருள்படும். சரியான சொல் அமையாததால் உணர்வும் இல்லை என்று முடிவுகட்டிவிட முடியாது. நம் வீடுகளில் ஜாதகம் கைமாறும் விதத்தைப் பாருங்கள். பிறந்த நாள், நேரம், ஊர், குலம், தாய் தந்தை விவரம் எல்லாம் அடங்கிய ஆவணம் அது. சம்பந்தம் பேச நினைக்கும் வீட்டுக்கு மட்டுமே கொடுப்பார்கள். பொருத்தமில்லை என்றால் "ஜாதகத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க" என்று கேட்டு வாங்குவார்கள். வாங்கியவர் கேட்காமல் நாலு பேரிடம் காட்டினால் உறவே முறியும். எடுத்த காரியத்துக்கு மட்டும் பயன்படுத்து, காரியம் முடிந்தால் திருப்பிக் கொடு, கேட்காமல் பிறருக்குத் தராதே: தரவுச் சட்டங்கள் பல பக்கங்களில் எழுதும் விதிகளைப் பெண்ணைப் பெற்றவர்கள் எழுதாமலே நடத்திவந்திருக்கிறார்கள். இந்த வழக்கில் கடமை முழுவதும் பெற்றுக்கொண்டவர் தலையில் இருக்கிறது. கொடுத்தவர் சம்மதித்துத்தானே கொடுத்தார் என்று யாரும் வாயடைப்பதில்லை.

அப்படியானால் அதே வீட்டார் ரேஷன் கடையில் விரல் வைக்கவும், துணிக்கடைக் கவுன்டரில் கைப்பேசி எண்ணைச் சொல்லவும் ஏன் தயங்குவதில்லை?

ஏழைகளைப் பொறுத்தவரை, தாளில் பெயர் இல்லாததுதான் ஆபத்து. பட்டா இல்லாதவருக்கு நிலம் இல்லை. சாதிச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு உதவித்தொகை இல்லை. வாக்காளர் பட்டியலில் விடுபட்டவர் தேர்தல் நாளில் ஊரில் இல்லாதவருக்குச் சமம். தலைமுறை தலைமுறையாக அரசின் கண்ணில் படப் போராடியவர்களிடம் போய், அரசு உன்னைப் பார்க்கிறது, எச்சரிக்கை என்றால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்து டெம்ப்லி என்ற பழங்குடிக் கிராமத்தில் முதல் ஆதார் எண்கள் வழங்கப்பட்டபோது அங்கிருந்தவர்கள் எதிர்பார்த்தது அங்கீகாரம். "மறைக்க என்ன இருக்கு?" என்ற கேள்விக்குள் இந்த எதிர்பார்ப்பும் இருக்கிறது. காட்டினால்தான் கிடைக்கும் என்பது அதன் முழு வாக்கியம்.

அந்த நம்பிக்கையை வழி எப்படி நடத்தியது என்பதற்கு, ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் இறந்துபோன பதினொரு வயதுச் சிறுமியை மறக்க முடியாது. ஆதாருடன் இணைக்கப்படவில்லை என்று அவள் குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. சோறு கேட்டபடியே பட்டினியால் செத்தாள் என்றார் தாய். மலேரியா என்றது மாவட்ட நிர்வாகம். சாவின் காரணத்தில் இரு தரப்பும் மாறுபட்டாலும், அட்டை நீக்கப்பட்டிருந்ததில் மாறுபாடில்லை. அவள் வீட்டார் எதையும் மறைக்கவில்லை. ஓர் எண்ணும் ஒரு பெயரும் கணினியில் சேராததற்கான தண்டனை அவர்களுக்கு வந்தது. மறுநாள் கணினியைக் கேள்வி கேட்க அவர்களுக்கு வழி எதுவும் இருக்கவில்லை. தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லாருக்கும் பொதுவாக இருப்பதால் இந்த வலி நமக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. விரல்ரேகை விழாமல் திரும்பி வந்த முதியவர்களைக் கேட்டால் கொஞ்சம் தெரியும்.

இன்னொரு அன்றாடக் கருத்தும் உண்டு: "எல்லாம் எப்பவோ போயாச்சு, இனிமே என்ன?" இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. கடையில் கொடுத்த எண்ணும் மருத்துவமனையில் கொடுத்த எண்ணும் வங்கியில் கொடுத்த எண்ணும் தனித்தனியாகக் கிடக்கும்வரை ஒன்று. மூன்றையும் யாரோ ஒரே இடத்தில் கோத்துவிட்டால் வேறு. போனது போகட்டும், கோப்பதைத் தடுக்க இன்னும் நேரம் இருக்கிறது.

இனி சட்டத்துக்கு வருவோம். தரவுப் பாதுகாப்புக்காக அரசு அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018 ஜூலையில் தந்த சட்ட வரைவில், நாட்டுப் பாதுகாப்புக்காகத் தரவைக் கையாளும்போதும் அது சட்டத்தின் அனுமதியோடு, தேவையான அளவுக்குள் இருக்க வேண்டும் என்றிருந்தது. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கவும் வழி இருந்தது. 2019இல் ஒரு மசோதா வந்தது, 2022 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது, 2023 ஆகஸ்டில் இன்றைய சட்டம் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும்.

இச்சட்டத்தின் அச்சாணி ஒப்புதல். எதற்காக விவரம் கேட்கிறோம் என்று அறிவிப்புத் தந்து ஒப்புதல் பெற வேண்டும். அந்த அறிவிப்பை அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளிலும் கேட்டுப் பெறலாம். தமிழில் கேட்க உரிமை வந்திருப்பது நல்லதே, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தமிழில் எழுதிய நாற்பது பத்தியும் நாற்பது பத்திதான். பில் போடும் பெண், பின்னால் நிற்கும் வரிசை, "நம்பர் சொல்லுங்க சார்" என்ற அவசரம். இதற்கு நடுவில் கொடுக்கப்படும் சம்மதம் எப்படிப்பட்டது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். எண் தராவிட்டால் விற்க மாட்டோம் என்று வற்புறுத்தக் கூடாதென 2023 மே மாதத்தில் ஒன்றிய நுகர்வோர் துறை கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியதே ஒப்புதலின் நிலைக்குச் சான்று. கட்டாயம் எங்கே தொடங்குகிறது என்று பில் போடும் பெண்ணுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

உதவித்தொகை, மானியம், சான்றிதழ், உரிமம் வழங்க அரசுக்கு இந்த ஒப்புதல்கூடத் தனியாக வேண்டியதில்லை என்கிறது ஏழாம் பிரிவு. பொது ஒழுங்கு, நாட்டுப் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக எந்த அரசு அமைப்பையும் ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கையால் சட்டத்துக்கு வெளியே வைக்கலாம் என்கிறது பதினேழாம் பிரிவு. 2018 வரைவின் 'தேவையான அளவு' அங்கே காணப்படவில்லை. முறைகேட்டை விசாரிக்கும் வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் ஒன்றிய அரசே. தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அது இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். விவரம் பறிபோனவருக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் இருந்த இழப்பீட்டு வழியையும் இச்சட்டம் நீக்குகிறது. மாறாக, அற்பப் புகார் தந்தார் என்று தீர்மானிக்கப்பட்டால் குடிமகருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். புட்டசாமி தீர்ப்பு நுழைகிறவர் தலையில் வைத்த பாரம் மெல்ல மெல்லத் திரும்பி வழிப்போக்கர் தலைக்கு வந்திருக்கிறது.

நலத்திட்டம் நடத்தும் அரசுக்கு மக்களின் விவரம் தேவை, ஒவ்வொரு முறையும் கையொப்பம் கேட்டால் பணம் போய்ச் சேராது என்ற மறுப்பு நியாயமானது. நானும் ஒப்புதலைக் கூட்டச் சொல்லவில்லை. ஒப்புதல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெற்றவருக்குக் கடமை இருக்க வேண்டும் என்கிறேன். ஜாதகம் வாங்கியவருக்கு இருப்பது போல.

மக்களுக்கு அக்கறையில்லை என்ற முடிவை 2025 டிசம்பரின் முதல் மூன்று நாட்கள் பொய்யாக்கின. இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு கைப்பேசியிலும் 'சஞ்சார் சாத்தி' செயலியை 90 நாளுக்குள் முன்பதிவேற்றம் செய்ய வேண்டும், அதன் செயல்பாடுகளை முடக்கக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை உற்பத்தியாளர்களுக்கு உத்தரவிட்டிருந்தது. திருடுபோன கைப்பேசியைக் கண்டுபிடிக்க உதவும் செயலி அது. பலர் தாமாகவே பதிவிறக்கி வைத்திருந்தார்கள். ஆனால் கட்டாயம் என்று செய்தி வந்ததும் நாடாளுமன்றத்திலும் வெளியிலும் எதிர்ப்பு எழுந்தது. டிசம்பர் 3 அன்று கட்டாயம் கைவிடப்பட்டது. மடியில் கனமில்லை என்று சொல்லிவந்த பலரும் அன்று கேட்டது "என் போன்ல எதுக்கு?" என்பதைத்தான். இது வழியில் நிற்பவரை நோக்கிய கேள்வி. அன்றாடக் கருத்து மாறாத பாறை அன்று. மடியை நோக்கி நீளும் கை தெரியும்போது அது திரும்பிப் பார்க்கிறது.

அந்தக் கையைத் தெரியவிடாமல் செய்வதுதான் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) முன்பு, பொதுச் செயல்பாட்டோடோ பொது நலனோடோ தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் தனிவாழ்வில் தேவையின்றி ஊடுருவும் தனிநபர் தகவலை மட்டுமே மறுக்க அனுமதித்தது. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாத தகவலை எந்த மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் சேர்ந்திருந்தது. 2025 நவம்பர் முதல், தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று அது சுருங்கிவிட்டது. 8(2) பிரிவின்படி பொது நலன் பெரிதென்றால் தரலாம் என்ற வாய்ப்பு இன்னும் இருக்கிறது என்று அரசு பதில் சொல்கிறது. இருக்கிறது, ஆனால் அதை எடைபோடுவது தகவலை வைத்திருக்கும் அலுவலகம்.

அதிகாரிகள் தனியுரிமையைக் கேடயமாக்க முயன்றது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது, அதில் அதிகாரிகள் பலரின் தொடர்புகள் வரும் என்ற நிலையில் சிறைத்துறை அதைத் தடுக்கப் பார்த்தது. 1994இல் உச்ச நீதிமன்றம் இதழாசிரியர் ராஜகோபால் தொடுத்த வழக்கில் தந்த தீர்ப்பு இரண்டையும் ஒன்றாகச் சொன்னது: தன்னைத் தனியே விட்டுவிடக் கோரும் உரிமை குடிமகருக்கு உண்டு, பொது அதிகாரி தன் பணி தொடர்பான செயல்களுக்கு அந்த உரிமையைக் கோர முடியாது. தனியுரிமையும் தகவல் உரிமையும் எதிரெதிர் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான வாசகத்தை நான் காணவில்லை. 44(3) இந்த இரண்டாம் பாதியை மறந்துவிட்டது.

அதே 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துக் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற மக்கள் அமைப்பு தன் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அரசு வேலைகளின் மஸ்டர் ரோல்களிலும் பில்களிலும் இருந்ததை ஊர் நடுவே வாசித்தார்கள்: யார் பெயர், எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி. வேலைக்கே போகாதவர்களின் பெயர்கள், வாங்காத கூலிக்கு எதிரே விரல்ரேகைகள் என்று அடுத்தடுத்த விசாரணைகளில் வந்துகொண்டே இருந்தன. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் அந்தக் கூட்டங்களிலிருந்து பிறந்தது. இன்று அதே பெயரும் கூலியும் விரல்ரேகையும் தனிநபர் தகவல். தகவல் அலுவலர் தர மறுத்தால், பொது நலன் பெரிது என்று வாதாட வேண்டியவர் தன் பெயரில் யார் கூலி வாங்கினார்கள் என்று கேட்க வந்த தொழிலாளி.