தீனம் வந்தாலும் வயலுக்கு

"காய்ச்சலோட ஏன் வேலைக்கு வாறாங்க? ரெண்டு நாள் வீட்டில கெடந்தா என்ன?" மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் இப்படிக் கேட்கிறார்கள். உடம்பைப் பற்றி விவரம் தெரியாத சனங்கள் என்று பதிலையும் அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். நாஞ்சில் நாட்டில் நாற்று நட்ட கிழவிகளிடம் கேட்டால் வேறு பதில் வரும். "தீனம்னு படுத்துட்டா யாரு மக்கா நெல்லு அளந்து தருவா?"

இந்தப் பதிலுக்கு வயசு அதிகம். 1836இல் திருவிதாங்கூரில் எடுத்த கணக்கில் மொத்த மக்கள் 12,80,668 பேர். அதில் அடிமைகள் 1,64,864. எட்டுப் பேரில் ஒருத்தர். தோவாளையையும் அகஸ்தீசுவரத்தையும் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெருமை பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பேசுவதில்லை. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளில் நிலம் கைமாறின சங்கதியோடு ஆள் கைமாறின சங்கதியும் இருக்கிறது.

1800ஆம் வருஷத்தையொட்டி மலபாரைச் சுற்றிவந்த புக்கானன் என்ற வெள்ளைக்காரர் அடிமையைக் கைமாற்ற மூன்று வழி இருந்ததாக எழுதினார்: ஜென்மம், காணம், பாட்டம். ஜென்மம் என்றால் விற்பனை. காணம் என்றால் ஒற்றி. பாட்டம் என்றால் வருஷ வாடகை. பின்னால் சொன்ன இரண்டும்தான் மகா கொடுமை என்பது அவர் கருத்து. காரணத்தை யோசித்துப் பாருங்கள். சொந்தமாக வாங்கினவனுக்கு ஆள் செத்தால் போட்ட பணம் போச்சு; காளைமாட்டுக்குச் செய்கிற பண்டுவத்தையாவது செய்வான். வாடகைக்கு எடுத்தவனுக்கு அந்தக் கவலையும் கிடையாது. கொடுக்கிற தீனி குறையணும், வாங்குகிற வேலை கூடணும், அவ்வளவுதான். மலபாரில் பார்த்து எழுதினதுதான். ஆனால் இந்தக் கணக்குக்கு எல்லைக்கல் ஏது?

1812இல் ராணி கௌரி லட்சுமிபாய் அடிமை வியாபாரத்தைத் தடுத்தார். வயலோடு கட்டிப்போட்டிருந்த புலையர், பள்ளர், குறவர் முதலான சாதிகளுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று அந்த உத்தரவிலேயே விலக்கு இருந்தது. அதாவது யாருக்குத் தேவையோ அவர்களுக்கு இல்லை. மிஷனரிகள் 1847இல் மகாராஜாவுக்கு மனுக் கொடுத்தார்கள். 1853, 1855 விளம்பரங்களுக்குப் பிறகே சட்டத்தில் அடிமை ஒழிந்தது. விடுதலையானவர்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கொடுக்கவில்லை. அதே வயல், அதே வரப்பு, அதே தம்பிரான். வேலை செய்த அன்றைக்கு நெல். படுத்த அன்றைக்கு ஒன்றுமில்லை.

வைத்தியம் இல்லாமலா போச்சு? நெய்யூரில் மிஷன் வைத்தியம் 1838இலேயே தொடங்கிவிட்டது. எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் டாக்டர் பிறகு அங்கேதான் கத்தி பிடித்தார். ஆனால் நெய்யூருக்கு நடந்துபோய்த் திரும்பினால் அன்றைய கூலி போகும். மருந்து தர்மமாகக் கிடைத்தாலும் அந்த ஒரு நாளை யாரும் தர்மமாகத் தரவில்லை. 1907இல் சாதுஜன பரிபாலன சங்கம் தொடங்கிய அய்யன்காளி, வயல்காரர்களுக்கு வாரத்தில் ஆறு நாள்தான் வேலை என்று கேட்டார். ஓய்வு என்பதை உரிமையாகக் கேட்ட குரல் அது.

1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. நோயில் படுத்தால் கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. நல்ல சட்டம்தான். ஆனால் வயல்கூலிக்கு அது இல்லை. முந்திரி ஆலைப் பெண்களுக்கு உண்டு. ஆறு மாசத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்கணும். ஆலை பாதி நாள் மூடிக்கிடந்தால் 78க்கு எங்கே போவது? இன்னொன்று, நோயின் முதல் ரெண்டு நாளுக்குப் பணம் கிடையாது. காய்ச்சலும் இருமலும் பெரும்பாலும் அந்த ரெண்டு நாள் சமாச்சாரம்தானே.

இப்போது நகரத்துக் குப்பையைக் கான்ட்ராக்டில் அள்ளுகிறார்கள். அள்ளுவது எந்தச் சாதி என்று இந்தப் பத்திரிகை வாசிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நகராட்சி ஆளைச் சொந்தமாக வைத்துக்கொள்வதில்லை. கான்ட்ராக்டர் வருஷக் கணக்கில் எடுக்கிறார். புக்கானன் எழுதின பாட்டம் இதிலிருந்து எவ்வளவு தூரம்? கான்ட்ராக்டர் மாறும்போது பெயர்ப்பட்டியலும் மாறும். நாலு நாள் வராதவள் பெயர் புதுப் பட்டியலில் இருக்காது. அதனால்தான் நெஞ்சுச் சளியோடு அவள் விடியக்காலம் அஞ்சு மணிக்கே வந்து தள்ளுவண்டி பக்கத்தில் நிற்கிறாள், பெயர் கூப்பிடுகிற வரைக்கும் இருமலை அடக்கிக்கொண்டு.