மண்வெட்டியும் ஹாக்சன் புதையலும்

மண்ணுக்குள் கிடக்கும் உலோகப் பொருளை மின்காந்த முறையில் காட்டிக்கொடுக்கும் கருவி மெட்டல் டிடெக்டர் ஆகும். இரண்டாம் உலகப் போரில் கண்ணிவெடிகளைக் கண்டறியப் பயன்பட்ட இவ்வகைக் கருவி, போருக்குப் பின் இங்கிலாந்தில் பொழுதுபோக்காகப் பழம்பொருள் தேடுவோரின் கைக்கும் வந்தது. கருவி இடத்தை மட்டுமே காட்டும். பொருளை வெளியே கொண்டுவருவது மண்வெட்டி. ஆகவே எந்த மண்வெட்டி, எவ்வளவு ஆழம் என்பவை வரலாற்றைக் காப்பதோடு தொடர்புடைய கேள்விகளாகும்.

மண்வெட்டியைத் தேர்ந்தெடுத்தல்

நம் ஊர் மண்வெட்டியின் அகன்ற அலகு காம்புக்குக் குறுக்காக இருக்கும். ஓங்கி வெட்டி மண்ணை இழுக்க அது ஏற்றது. ஆனால் அந்த வெட்டு அடியிலுள்ள நாணயத்தையோ கிண்ணத்தையோ சிதைத்துவிடும். உலோகம் தேடுவோருக்கு ஏற்றது, காம்புக்கு நேராக அமைந்த குறுகிய அலகுடைய சிறு மண்வெட்டி. அதைக் காலால் மிதித்து இறக்குவதால், அலகின் மேல்விளிம்பு பாதம் வைக்க ஏதுவாகவும், காம்பும் பொருத்தும் உறுதியாகவும் இருக்க வேண்டும்.

ஒலி எழுந்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளிச் சுற்றிலும் வெட்டி, மண்ணைக் கட்டியாகப் பெயர்க்க வேண்டும். புல்தரையில் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, புல்லை மூடிபோல் திருப்பி வைத்தால் பின்னர் பழையபடி மூடலாம். பொருள் தென்பட்டதும் மண்வெட்டியை வைத்துவிட்டு, கொத்தனார் கரணை போன்ற சிறு கருவியை எடுக்க வேண்டும்.

ஹாக்சன், 1992

1992 நவம்பர் 16 அன்று, சஃபோக் பகுதியிலுள்ள ஹாக்சன் கிராமத்தில், எரிக் லாஸ் என்பவர் தம் நண்பரான விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடிச் சென்றார். கிடைத்தவையோ பொற்சங்கிலிகள், வெள்ளிக் கரண்டிகள், நாணயங்கள். சிலவற்றை எடுத்த அவர், மேலும் தோண்டாமல் நிறுத்தி அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து அகழ்ந்தனர்.

ஏறத்தாழ 15,000 நாணயங்களும் 200 பொன், வெள்ளிப் பொருள்களும் கிடைத்தன. பிரிட்டனில் ரோமானிய ஆட்சி முடிவுக்கு வந்த கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அவை புதைக்கப்பட்டன. அவற்றை வைத்திருந்த மரப்பெட்டி மட்கிப்போயிருந்தது. எனினும் கீல்களும் பூட்டுகளும் கிடந்த நிலையைக் கொண்டு பெட்டியின் அளவையும், பொருள்கள் அடுக்கப்பட்ட முறையையும் அறிய முடிந்தது. அன்று மண்வெட்டி நிற்காமல் இறங்கியிருந்தால் பொன் கிடைத்திருக்கும், இச்செய்தி அழிந்திருக்கும்.

அப்புதையலில் நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்கள் இருந்தன. மிளகு, மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைந்து சேர நாட்டுத் துறைமுகங்கள் வழியாக ரோமானிய உலகுக்குச் சென்ற பொருள் என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளலாம்.

சட்டங்கள்

இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, புதையல் எனக் கருதத்தக்கதைக் கண்டெடுத்தவர் 14 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். உழவு சென்ற ஆழத்துக்குக் கீழே தோண்டலாகாது என்பது அங்குள்ள நன்னடத்தை நெறி. இந்தியாவில் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும்.

தேடிச் சென்ற சுத்தியலும் பின்னர் கிடைத்தது. அது இன்று புதையலைப் போலவே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. நல்ல மண்வெட்டியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அதை எங்கே நிறுத்துவது என்பதை நாமே கற்றுக்கொள்ள வேண்டும்.